பொன்னுக்கு வீங்கிய மொழி

போன வருஷம் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை செய்தேன். ஆஸ்பத்திரி நிர்வாகம் பற்றிய கையேடு ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை. ராத்திரி பதினோரு மணி, அரைத் தூக்கம். ஓர் அமெரிக்க மருத்துவமனையின் ஆவணங்கள் முப்பது ஆண்டுகளாக ‘மம்ப்ஸி’ல் இருந்தன என்று ஒரு வாக்கியம் வந்தது. ‘அம்மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளாகப் பொன்னுக்கு வீங்கி நோயாளிகளின் ஆவணங்கள் பாதுகாக்கப்பட்டுவந்தன’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

மறு வாரம் கையேட்டின் பதிப்பாசிரியர் சென்னையிலிருந்து ஃபோன் செய்தார். “முப்பது வருஷமா அந்த ஊர்ல வேற வியாதியே வரலியா சார்?” என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டதுதான் உறைத்தது. மம்ப்ஸ் அங்கே நோயின் பெயர் அல்ல. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் ஒரு மொழியின் பெயர். ‘மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடல் யுடிலிட்டி மல்டி-புரோகிராமிங் சிஸ்டம்’ என்ற நீளமான பெயரின் சுருக்கம். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு நோயின் பெயர் வருகிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு இப்படிப் பெயர் அமைந்தது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நோய்க்கு நம் ஊரில் பொன்னுக்கு வீங்கி என்று பெயர் வந்த விதம் அலாதியானது. கன்னம் வீங்கிய பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டால் வீக்கம் வடியும் என்பது நம்பிக்கை. குழந்தை பொன்னுக்கு ஏங்கி வீங்கியதாகக் கணக்கு. தாளம்மை என்றும் சொல்வதுண்டு. இலங்கைத் தமிழர்களுக்கு அது கூகைக்கட்டு. இந்த மொழியும் பிற்காலத்தில் பொன்னுக்கு வீங்கியதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் இருப்பது செகந்திராபாத்துக்கு வடக்கே, அல்வால் போகும் சாலையில் உள்ள லோத்குண்டாவில். தெலுங்கில் ‘லோத்து’ என்றால் ஆழம், ‘குண்ட்ட’ என்றால் குட்டை. ராணுவக் கன்டோன்மென்ட்டை ஒட்டிய இந்தப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் இளைஞர் சாத்தூர்க்காரர், மனைவி இந்த ஊர்ப் பெண். அவர் ராத்திரி ஷிஃப்ட்டில் ஏதோ அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை செய்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். லிஃப்ட்டில் என் பிழையைச் சொன்னபோது, “மம்ப்ஸா? எனக்குச் சம்பளமே அதுலதான் சார்” என்றார். அப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் மொட்டை மாடியில் எனக்கு வகுப்பு நடந்தது.

தமிழ் முதுகலை படித்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்றால், அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே சாஃப்ட்வேரை மாற்றினார்கள். பழைய நம்பர் செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். ‘கர்ப்பமா?’ என்று ஒரு கேள்வி வந்தது. அம்மா என்னைப் பார்த்தார். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது என்று அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கும் குரலில் தெலுங்கில் சொன்னாள். “லேது” என்றார் அம்மா, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

அன்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டில் சல்ஃபா சேர்ந்த மாத்திரை ஒன்று இருந்தது. 2014ல் அதே ஆஸ்பத்திரியில் அதே மருந்தால் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூன்று நாள் படுத்திருந்தார். அந்தக் குறிப்பு பழைய கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் இருந்தது, புதியதற்கு வந்துசேரவில்லை. கர்ப்பமில்லை என்ற தகவல் மட்டும் பத்திரமாக ஏறிவிட்டது. மருந்துக் கடையில் அட்டையை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்த அம்மாதான் பெயரைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு நோயாளியின் கதையைக் கம்ப்யூட்டரில் எப்படி வைப்பது என்ற கேள்வியோடு ஆரம்ப காலத்திலேயே மல்லுக்கட்டிய இடங்களில் ஒன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. 1846ல் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்துகாட்டிய இடம் அதுதான். (மயக்க மருந்தின் சரித்திரத்தில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. 1888லும் 1889லும் நிஜாமின் ஆதரவில் குளோரோஃபார்ம் கமிஷன்கள் ஹைதராபாத்தில் கூடின.) 1960களின் முற்பாதியில் அந்த ஆஸ்பத்திரியும் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் என்ற கம்பெனியும் சேர்ந்து, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தந்த பணத்தில், ஆஸ்பத்திரிக்கான கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்றை உருவாக்க முயன்றன. பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டர். புரோகிராம்கள் யந்திரத்தின் பேச்சுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டன. அசெம்பிளியில் ஒரு படிவத்துக்கு ஒரு வரி கூட்டுவதே பெரிய காரியம். ஆஸ்பத்திரியிலோ படிவங்கள் நாளுக்கு நாள் மாறும். இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஆய்வகத்துக்குத் தலைவர் ஆக்டோ பார்னெட். இதயநோய் மருத்துவர், 2020ல் காலமானார். அவரிடம் வேலை பார்த்த மூன்று பேர் வேறு வழி தேடினார்கள். எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் என்ஜினீயரிங் படித்த நீல் பாப்பலார்டோ, கர்ட் மார்பிள், ஹார்வர்டில் மருத்துவம் படித்த ராபர்ட் கிரீன்ஸ். அதிகாரபூர்வமான திட்டத்தின் ஓரத்தில், கிட்டத்தட்ட திருட்டுத்தனமாக, 1966லும் 1967லும் அவர்கள் ஒரு மொழியை உருவாக்கினார்கள். கையில் கிடைத்தது பி.டி.பி.-7 என்ற சிறிய கம்ப்யூட்டர். சிறியது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. விலை 72,000 டாலர். (இரண்டு வருஷம் கழித்து பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்ததும் இதே ரக யந்திரத்தில்தான்.) 1967ல் மானியத்தைப் புதுப்பிக்கக் கேட்டபோது, இனி எல்லாவற்றையும் இந்த மொழியிலேயே எழுதப்போகிறோம் என்று பார்னெட் துணிந்து சொன்னார். பணம் கிடைத்தது. நோயாளிகளைச் சேர்ப்பது, ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தருவது என்று வேலை ஆரம்பமாயிற்று.

அதே 1967ல்தான் லோத்குண்டாவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இ.சி.ஐ.எல். தொடங்கப்பட்டது. 1969ல் டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரை அது தயாரித்தது. அணுசக்தித் துறைக்காரர்களின் ‘டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்’. பாஸ்டன் யந்திரத்துக்கு ஏறக்குறைய சமவயதுக்காரன். ஒன்று அணுவைத் தெரிந்தவர்கள் கையில் பிறந்தது; மற்றது சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்கிறவர்களின் கைக்குப் போயிற்று. யந்திரம் எதுவானாலும், அதற்கு வாய்க்கிற மொழி கேட்கிற ஆளைப் பொறுத்தது போலும்.

மம்ப்ஸ் வானத்திலிருந்து விழவில்லை. ராண்ட் நிறுவனத்தின் ஜாஸ், அதிலிருந்து போல்ட் பெரானெக் செய்த டெல்காம்ப் என்று அதற்கு ஒரு வம்சாவளி உண்டு. ஒரு வரி எழுதினால் கம்ப்யூட்டர் உடனே பதில் சொல்லும் வகை மொழிகள் அவை. ஆனால் மம்ப்ஸ் செய்த புதிய காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல நான் பாஸ்டனுக்குப் போக வேண்டாம், பேகம்பேட்டை போதும்.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர், உசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். ரத்தம் குடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. ஆகஸ்ட் 20 அன்று அப்படிக் கடித்த கொசு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி தெரிந்தது. 1902ல் நோபல் பரிசு. பேகம்பேட்டையில் அவர் பெயரால் ஒரு கட்டடம் இன்றும் இருக்கிறது. உசேன் கான் பெயரால் எதுவும் இல்லை.

அந்த உசேன் கான் இன்று ஒரு ஆஸ்பத்திரிக் கவுன்டருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் நாம் பார்த்துப் பழகிய வழி அட்டவணை. மேலே தலைப்புகள், கீழே கட்டங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எக்ஸ்ரே, கர்ப்பம் என்று நூற்றுக்கணக்கான பத்திகள். உசேன் கானுக்கு அவற்றில் இரண்டோ மூன்றோதான் நிரம்பும், மற்றதெல்லாம் வெற்றிடம். ஆனால் அவர் விஷயத்தில் மிக முக்கியமான தகவலான ‘கொசு கடித்தது, ஓரணா கொடுத்தோம்’ என்பதற்கு அட்டவணையில் பத்தியே இருக்காது. அட்டவணையை வரைந்தவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். நோய் என்பது எதிர்பாராதது. அட்டவணை என்பது எல்லாவற்றையும் எதிர்பார்த்துவிட்டதாக நினைப்பது.

மம்ப்ஸில் நோயாளியின் கதை ஒரு மரம். அடிமரம் நோயாளி. அதிலிருந்து தேதிகள் கிளைக்கும். ஒவ்வொரு தேதியிலும் அன்று நடந்தவை மட்டும் கிளைக்கும். எதிர் ஃப்ளாட்டு இளைஞர் எனக்காகத் தமிழில் எழுதிக்காட்டினார்:

^நோயாளி(“உசேன் கான்”, 18970816, “கொசு”) = “கடித்தது; ஓரணா”

நடக்காததற்கு இடம் இல்லை. ஆகவே வெற்றிடமும் இல்லை. இன்னொரு நோயாளிக்கு இதயத் துடிப்பின் அறுநூறு அளவுகள் வேண்டுமா? அவருடைய கிளையில் அறுநூறு இலைகள். உசேன் கானுக்கு அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. புதிதாக ஒரு பரிசோதனை வந்தால் முன்கூட்டி யாரிடமும் சொல்ல வேண்டாம். எழுதினால் கிளை முளைக்கும். கிளைகள் தாமாகவே வரிசையில் நிற்கும். பழைய சீட்டு ஒன்றை வீட்டிலிருந்து தேடி அடுத்த மாதம் கொண்டுவந்தாலும், அது தன் தேதிக்கு உரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். (ஆரம்பத்தில் கிளைக்கு எண்களையே பெயராக வைத்தார்கள், சொற்களையும் வைக்கலாம் என்ற வசதி பின்னால் வந்தது.)

முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கூரைக் குறியைக் கவனியுங்கள். மற்ற மொழிகளில் ஒரு தகவலைக் கம்ப்யூட்டரின் நினைவில் வைப்பது ஒரு வேலை. அதை டிஸ்க்கில் ஏற்றி நிரந்தரமாக்குவது தனி வேலை. கோப்பைத் திறக்க வேண்டும், எழுத வேண்டும், மூட வேண்டும். மம்ப்ஸில் அந்தக் கூரையை வைத்தால் தகவல் நிரந்தரம். வைக்காவிட்டால் வேலை முடிந்ததும் மறைந்துவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். கூரைக்குக் கீழே இருப்பதை ஆஸ்பத்திரியில் யார் வேண்டுமானாலும் அதே நேரத்தில் பார்க்கலாம். வார்டில் நர்ஸ், பரிசோதனைக் கூடத்தில் ஒருவர், மருந்தறையில் ஒருவர். இரண்டு பேர் ஒரே கிளையில் ஒரே சமயம் கைவைக்காமல் இருக்க ‘லாக்’ என்று ஒரு கட்டளை. ஆக, புரோகிராம் எழுதும் மொழியும், தகவலைச் சேமிக்கும் கிடங்கும், பலரை ஒரே யந்திரத்தில் உட்காரவைக்கும் நிர்வாகமும் ஒன்றாகப் பிறந்துவிட்டன. எட்கர் காட் என்பவர் அட்டவணைகளுக்கான கொள்கையை வெளியிட்டது 1970ல். கல்லூரிகளில் அதுதான் இன்றுவரை பாடம். அதற்கு மூன்று வருஷம் முன்பே ஒரு ஆஸ்பத்திரி தன் தேவைக்கு வேறு வழி கண்டுபிடித்திருந்தது.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. அந்த யந்திரத்தின் நினைவில் சில ஆயிரம் ‘சொற்கள்’தான் அடங்கும். (கம்ப்யூட்டர்காரர்களின் சொல், தமிழாசிரியரின் சொல் அல்ல.) அதையும் பலர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருடைய புரோகிராமுக்குக் கிடைக்கும் இடம் ஒண்டுக்குடித்தனம். எனவே கட்டளைகள் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்தாகச் சுருக்கலாம் என்று வைத்தார்கள். ‘செட்’டுக்கு எஸ், ‘ரைட்’டுக்கு டபிள்யூ, ‘இஃப்’புக்கு ஐ. எச் என்ற எழுத்துக்கு இரண்டு அர்த்தம்: பக்கத்தில் எண் இருந்தால் ‘அத்தனை விநாடி காத்திரு’, ஒன்றும் இல்லாவிட்டால் ‘வேலையை முடி’. பலபொருள் ஒருசொல் என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். கே என்றால் ‘கில்’. ஒரு கிளையின் பெயரைக் கொடுத்தால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை இலைகளும் போய்விடும், ‘நிச்சயமாகவா?’ என்ற கேள்வி கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்த மொழியில் இப்படி ஒரு கட்டளையா என்று கேட்டேன். “அதை அடிக்கும்போது இப்பவும் கை நடுங்கும் சார்” என்றார்.

இந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. சூத்திரம் என்றால் எழுத்து குறைவாக இருக்க வேண்டும், பொருள் நிறைய இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஓலையில் எழுத்தாணியால் கீறுபவனுக்கும், மனப்பாடம் செய்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் செலவுதான். பாஸ்டன்காரர்களுக்கும் அதே கதி. விளைவும் ஒன்றே. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் வாய்த்தார்கள். மம்ப்ஸ் சூத்திரங்களுக்கு உரை எழுதிவைத்தவர்கள் குறைவு. எழுதியவர் ஓய்வுபெற்றுப் போய்விடுவார். எட்டெழுத்துப் பெயரோடு ஒரு புரோகிராம் நாற்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஒரு வரியைத் தொட வேண்டி வந்தால் லோத்குண்டாவில் ஒருவர் ராத்திரி முழுவதும் முழித்துக்கொண்டு அர்த்தம் தேட வேண்டும். அவர் செய்வது உரையாசிரியர் வேலை என்று சொன்னேன். “எங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க சார்” என்றார்.

குறைகளை மறைக்கக் கூடாது. இரண்டோடு மூன்றைக் கூட்டி நான்கால் பெருக்கு என்று எழுதினால் பள்ளிக்கூடத்தில் பெருக்கலை முதலில் செய்து 14 என்போம். மம்ப்ஸ் இடமிருந்து வலமாகப் போய் 20 என்று சொல்லும். அதற்கு எல்லாமே எழுத்துச் சரம்தான். எண் வேறு, சொல் வேறு என்ற பாகுபாடு கிடையாது. ‘3 மாத்திரை’யோடு 2ஐக் கூட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் 5 என்று விடை தரும். நர்ஸின் கையெழுத்துக் குறிப்புக்கு இது வசதி. கம்ப்யூட்டர் பேராசிரியர்களுக்கு இதுவே அபசாரம். ஒழுங்கில்லாத மொழி என்று அவர்கள் பலரும் ஒதுக்கினார்கள். ஒழுங்கில்லாத தகவலுக்காகப் பிறந்த மொழி அது என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 2009ஐ ஒட்டி ‘அட்டவணை வேண்டாம்’ என்ற கோஷத்தோடு புதிய தகவல் கிடங்குகள் புறப்பட்டபோது, மம்ப்ஸ்காரர்கள் சிலர் சிரித்திருப்பார்கள்.

பேராசிரியர்கள் ஒதுக்கினாலும் காசு ஒதுக்கவில்லை. பாப்பலார்டோ, மார்பிள் முதலியோர் 1969ல் மெடிடெக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பேச்சுவழக்காகச் சிதறிய மொழியை 1972ல் கூடி ஒழுங்குபடுத்தத் தொடங்கி, 1977ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையை வாங்கினார்கள். டெர்ரி ராகன் 1978ல் இன்டர்சிஸ்டம்ஸைத் தொடங்கினார். 1979ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜூடித் ஃபாக்னர் என்ற பெண்மணி ஆரம்பித்த கம்பெனிதான் இன்றைய எபிக். அமெரிக்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏராளமானவற்றின் ஆவணங்கள் அதில்தான் இருக்கின்றன. ஃபாக்னரும் ராகனும் பெரும் கோடீஸ்வரர்கள். 2009ல் ராகனின் அறக்கட்டளை 10 கோடி டாலர் கொடுத்து எய்ட்ஸ் தடுப்பூசி ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவியது, மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியோடும் எம்.ஐ.டி., ஹார்வர்டோடும் சேர்ந்து. வீங்கிய பொன்னில் கொஞ்சம் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது.

பொன்னுக்கு வீங்காத கிளை ஒன்றும் உண்டு. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த சில புரோகிராமர்களும் டாக்டர்களும் தலைமையகத்தின் எதிர்ப்பை மீறி மம்ப்ஸில் எழுத ஆரம்பித்தார்கள். தங்களைத் தலைமறைவு இயக்கம் போலவே நடத்திக்கொண்டார்கள். 1982ல் அரசு வேறு வழியின்றி அதை ஏற்றுக்கொண்டது. பிற்பாடு விஸ்டா என்று பெயர் பெற்ற அந்த சாஃப்ட்வேர் மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்டதால் எல்லாருக்கும் இலவசம். ஜோர்டான் தன் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அதை எடுத்துக்கொண்டது. இந்தியாவில் டெல்லியின் மாக்ஸ் ஆஸ்பத்திரிகள் 2010ஐ ஒட்டிய வருஷங்களில் அதைத் தழுவித் தங்கள் மின்னணு ஆவணங்களை அமைத்தன. 2005ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது காகித ஃபைல்கள் பல ஊறிக் கூழாயின. முன்னாள் ராணுவத்தினரின் விஸ்டா பதிவுகள் மட்டும் ஹூஸ்டனிலிருந்து மறுபடி திறந்தன. ஊரை விட்டு ஓடியவர்களுக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்பது போய்ச் சேர்ந்த ஊரில் தெரிந்திருந்தது.

அப்படிப்பட்ட ஏற்பாட்டைக் கைவிடவும் அரசுகளுக்குக் காரணம் கிடைக்கும். மொழி பழையது, அதை எழுதுகிறவர்கள் குறைகிறார்கள், ராணுவத்தின் புதிய சாஃப்ட்வேரோடு பேச வேண்டும். காரணங்கள் பொய் அல்ல. 2018ல் விஸ்டாவுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க செர்னர் கம்பெனியோடு பெரும் ஒப்பந்தம் போட்டார்கள். 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரில் முதல் மாற்றம். நோயாளிகளுக்கு ஆபத்தாகும் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவர, 2023ல் மற்ற ஊர்களில் மாற்றுவதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அமெரிக்க அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், எங்கள் கவுன்டரில் இருந்த பெண்ணை நான் எப்படிக் குறைசொல்ல முடியும்? மரமாக வளர்ந்ததை வெட்டிக் கட்டங்களில் அடுக்கும்போது எந்த இலை எந்தக் கட்டத்தில் சேரும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அதுவும் மொழிபெயர்ப்புதான். நான் செய்ததுபோல அரைத் தூக்கத்தில் செய்தால் பொன்னுக்கு வீங்கிவிடும். என் பிழையைப் பிடிக்க ஒரு பதிப்பாசிரியர் இருந்தார். அம்மாவின் சல்ஃபாவைப் புதிய கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்த்தவரின் வேலையை யாராவது திருப்பிப் படித்துப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் 2021 செப்டம்பர் முதல் ஆளுக்குப் பதினான்கு இலக்கத்தில் சுகாதார எண் தருகிறார்கள். அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்தேன். வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆவணங்களை ஒரே ஆளின் பெயரில் கோப்பதற்கான நூல் அது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆவணங்கள் அந்தந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். அங்கே உதிர்ந்துபோன இலையை நூலால் கோக்க முடியாது.

புதிய ஆஸ்பத்திரி நம்பரோடு வந்த ஃபைலின் அட்டையில், சல்ஃபா ஆகாது என்று கொட்டையாக எழுதித் தரும்படி அம்மா கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், “இங்க எந்த நர்சுக்குத் தமிழ் தெரியும்? தெலுங்குல எழுதுடா” என்றார். என் தெலுங்குக் கையெழுத்தை நானே வாசிக்க முடியாது. எதிர் ஃப்ளாட்டு இளைஞரின் மனைவி சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தார், தெலுங்கில் ஒன்று, அதன் கீழே ஆங்கிலத்தில் ஒன்று.